ஐஸ்காரரின் பல்வரிசை

உறிஞ்சுகுழலை உதட்டில் வைத்து இழுத்ததும் குளிர்ந்த நீர் இடது பக்கத்து மேல்பல்லில் பட்டது. அங்கிருந்து ஒரு மின்னல் கிளம்பிக் காதுக்குள் புகுந்து, கண்ணுக்குப் பின்னால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் தாடைக்கே திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது. நான் முகத்தை அசைக்கவில்லை. அசைக்காமல் இருப்பது எனக்குப் பழகியதுதான். ஆனால் கண்ணில் நீர் கட்டிவிட்டது. வில்லாரிக்கா பேருந்து நிலையத்து மாமரத்தடியில், டிசம்பர் மாதக் கோடை வெயிலில், குவளை என் கையிலேயே நின்றது. உள்ளே இன்னும் பாதி இருந்தது. பாதியில் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் எங்களிடம் இல்லை.

"என்ன டோன் எவாரிஸ்தோ, அது மைக்கா? ஏதாவது பேசப் போறீங்களா?" என்றான் கிரிஸ்பின். பேருந்துக்கு டிக்கெட் விற்கிறவன். குவளையை வைத்துக்கொண்டு தாமதிக்கிறவர்களிடம் பராகுவே முழுக்கச் சொல்கிற கேலிதான் அது. என்னிடம் சொன்னபோது மட்டும் சிரிப்பு கொஞ்சம் அதிகமாக எழுந்தது. நான் பேசுவதில்லை என்பது நிலையத்தில் எல்லோருக்கும் தெரியும்.

ஒன்றைச் சொல்லலாமா என்று யோசித்து, அதை மனதுக்குள் எழுதி, தேவையில்லாத சொற்களை அடித்துவிட்டுப் பார்த்தால் பெரும்பாலும் மிச்சம் எதுவும் இருக்காது. அதனால் சும்மா இருந்துவிடுகிறேன். நிலையத்தின் ஓரத்தில் பழைய புத்தகங்களும் ஒரு ஜெராக்ஸ் இயந்திரமும் வைத்துக் கடை நடத்துகிறேன். இரண்டுமே பேச்சு தேவைப்படாத தொழில். மனைவி இருந்தவரை வீட்டுக்கான பேச்சை அவளே பேசிக்கொண்டாள். அவள் போன பிறகு வீட்டில் பேச ஆளில்லை. எனக்கு அது வித்தியாசமாகத் தெரியவில்லை என்றுதான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒருநாள் மாமரத்தடியில் தெல்மிரா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "நின்னுக்கிட்டே பாத்துட்டிருந்தா தாகம் தீருமா?" என்று கேட்டாள். அன்றிலிருந்து மூன்று வருடமாக அந்த நாற்காலி என்னுடையது.

தெல்மிரா அங்கே பச்சிலை விற்கிறாள். புதினா, எலுமிச்சைப் புல், பெயர் தெரியாத வேர்கள் எல்லாவற்றையும் மர உரலில் இடித்து, வருகிறவர்களின் தண்ணீர்க் குடுவையில் போட்டுக் கொடுப்பாள். பேருந்து இல்லாத நேரத்தில் எங்களுக்குத் தெரெரே ஊற்றுவாள். மாட்டுக்கொம்புக் குவளையில் யெர்பா இலைத்தூள், அதன்மேல் ஐஸ் மிதக்கும் பச்சிலைத் தண்ணீர், உறிஞ்ச ஓர் உலோகக் குழல். ஒருவர் அடிவரை இழுத்து, 'கர்ர்' என்று காற்று வந்ததும் திருப்பித் தருவார். அவள் மறுபடி ஊற்றி அடுத்தவருக்கு நீட்டுவாள். எல்லோருக்கும் அதே குவளை, அதே குழல். கல்யாண வீட்டிலும் இழவு வீட்டிலும் பேசாதவனைப் பார்த்தால் ஜனங்களுக்குச் சங்கடம். தெரெரே வட்டத்தில் அப்படியில்லை. குவளை என்னிடம் வந்தால் நான் இருக்கிறேன் என்று அர்த்தம். நான் அதைத் திருப்பிக் கொடுத்தால் தொடர்ந்து இருக்கப் போகிறேன் என்று அர்த்தம். இதற்கு மேல் ஒரு மனிதன் இன்னொரு மனிதனிடம் சொல்ல வேண்டியது என்ன இருக்கிறது என்று நான் யோசித்ததுண்டு. தெல்மிராவிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கத்தான் செய்தது. அதை மூன்று வருடமாகத் திருத்திக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் வில்ஃப்ரிதோவின் பற்கள் குறுக்கே வந்தன.

வில்ஃப்ரிதோ ஐஸ்காரர். மூன்று சக்கர வண்டியில் சாக்கு சுற்றிய பாளங்களைக் கொண்டுவந்து, தெல்மிராவின் வாளியில் ஒன்றை உடைத்துப் போட்டுவிட்டுப் போவார். என்னைவிடப் பெரியவர். அக்டோபர் மாதத்தில் ஒருநாள் அவர் எதற்கோ வாய் கொள்ளாமல் சிரித்தார். தெல்மிரா உலக்கையை நிறுத்திவிட்டு அவர் வாயையே பார்த்தாள். "அடேயப்பா, என்ன வெள்ளை! பல்லுன்னா இப்படியில்ல இருக்கணும்!" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். அன்று மாலை கண்ணாடி முன் நின்று, வாழ்க்கையில் முதல் தடவையாக என் பற்களைப் பார்த்தேன். பழைய பதிப்புகளின் தாள்கள் போல இருந்தன. ஓரங்களில் பழுப்பு, நடுவில் மஞ்சள். யெர்பாவும் புகையிலையும் வருடக்கணக்கில் அச்சடித்த நிறம். புத்தகமாக இருந்தால் இந்த நிறத்துக்காகவே கூடுதல் விலை சொல்லியிருப்பேன். மறுநாளே மிகக் கடினமான பல் பிரஷ் ஒன்று வாங்கினேன். சோடா மாவில் எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்தால் நுரைத்துக்கொண்டு பொங்கும். எங்கோ ஒரு பழைய வாராந்தரியில் படித்தது. பொங்குகிற எதுவும் வேலை செய்யும் என்று நம்பினேன். காலையில் தேய்த்தேன், இரவில் தேய்த்தேன், மதியம் கடையைச் சாத்திவிட்டும் தேய்த்தேன். துருப்பிடித்த கதவைத் தேய்க்கிற ஆவேசத்தோடு, ஈறில் ரத்தம் கசியும்வரை. பல் கொஞ்சம் வெளுக்கவும் செய்தது. யாரும் கவனிக்கவில்லை. கவனிக்க வேண்டுமானால் நான் சிரிக்க வேண்டும்; அதை நான் யோசித்திருக்கவில்லை.

மின்னல் வர ஆரம்பித்தது நவம்பர் கடைசியில். முதலில் குளிர் குறையட்டும் என்று குவளையைக் கையிலேயே வைத்திருந்து பார்த்தேன். கிரிஸ்பினின் மைக் கேலி அதனால்தான். பிறகு நாக்கைச் சுவராக்கிப் பல்லுக்கு முன் நிறுத்திப் பார்த்தேன். நாக்கு அப்படியொன்றும் கட்டுப்பாடான உறுப்பு இல்லை. குழலை வலது கன்னத்துப் பக்கம் சாய்த்தபோது தெல்மிரா, "குழலை ஆட்டாதீங்க. நான் ஊத்துனது சரியில்லையா?" என்றாள். குழலை நகர்த்துவது ஊற்றுகிறவரை அவமதிப்பது. இது எனக்குத் தெரியாதா? தெரிந்தும் செய்தேன் என்பதுதான் அவளுக்குப் புரியவில்லை.

ஊரின் எல்லா நோய்க்கும் இலை வைத்திருக்கிறவளிடம் பல் கூசுகிறது என்று சொல்லியிருக்கலாமே என்று தோன்றும். தெல்மிராவைத் தெரியாதவர்களுக்கு அப்படித் தோன்றலாம். பேருந்திலிருந்து இறங்குகிற ஒருவர் குனிந்து அவள் காதில், "ஒரு வாரமா சரியா போகலைங்க" என்பார். அவள் உலக்கையை நிறுத்தாமல், "சுத்தமா வரலியா, இல்ல இறுகி வருதா?" என்று கேட்பாள். இடிக்கிற சத்தத்தை மீறிக் கேட்டாக வேண்டும் அல்லவா. தலைநகர் அசுன்சியோனுக்குப் போகிற பேருந்தின் ஜன்னல்களில் எல்லாத் தலைகளும் திரும்பும். பாதிரியார் ஒருவருக்கு மூலம் இருந்தது பக்கத்து ஊர்வரை தெரிந்தது இப்படித்தான். எனக்குப் பல் கூசுகிறது என்றால் ஏன் கூசுகிறது என்று கேட்பாள். ஏன் என்று சொன்னால் எதற்காக என்று கேட்பாள். எதற்காக என்பதைப் பேருந்து ஜன்னல்களின் முன் என்னால் சொல்ல முடியாது.

டிசம்பரில் ஒரு புதன்கிழமை அவள் வழக்கத்தைவிட அதிகமாக ஐஸ் போட்டிருந்தாள். "உங்களுக்காகத்தான். முகமே வாடிக் கெடக்குது" என்று நீட்டினாள். மறுக்க முடியாமல் அடிவரை இழுத்தேன். மின்னல் இந்தமுறை ஒரு பல்லில் நிற்கவில்லை. வரிசை முழுக்க ஒன்றன்பின் ஒன்றாக விளக்குப் போட்டுக்கொண்டே போனது. எழுந்துவிட்டேன். குவளையை நீட்டினேன். அடுத்த சுற்று வந்துவிடக் கூடாது என்ற ஒரே பயத்தில், "நன்றி" என்றேன்.

தெரெரே வட்டத்தில் யாரும் நன்றி சொல்வதில்லை. போதும், எனக்கு இனி ஊற்றாதே என்று சொல்வதற்கென்றே வைத்திருக்கிற சொல் அது. கிளம்புகிறவர்கள் சொல்வார்கள், அதுவும் நான்கைந்து சுற்றுக்குப் பிறகு. முதல் சுற்றிலேயே, மூன்று வருடத்தில் ஒருமுறைகூடச் சொல்லாத நான், கண்ணில் நீரோடு நின்று அதைச் சொன்னேன். தெல்மிரா குவளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். ஐஸ் உடைக்க வந்த வில்ஃப்ரிதோ நின்றுகொண்டிருந்தார். அவரைப் பார்க்காமலே தெல்மிரா சொன்னாள்: "நாற்காலி காலியாத்தானே இருக்கு. உக்காருங்க."

அதற்குப் பிறகு வந்த நாட்களில் நான் ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை. புத்தக அடுக்குகளுக்கு நடுவே ஒரு சந்து உண்டு. அதன் வழியே மாமரம் தெரியும். என் நாற்காலியில் வில்ஃப்ரிதோ கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பார். குவளையைக் கண்ணை மூடித் திறப்பதற்குள் காலி செய்வார். அதோடு விட்டாலும் பரவாயில்லை. வாளியில் கைவிட்டு ஒரு ஐஸ் துண்டை எடுத்து வாயில் போட்டு, நொறுக், நொறுக் என்று மெல்லுவார். நிலையத்து முற்றத்தைத் தாண்டி, இரண்டு பேருந்துகளைத் தாண்டி அந்தச் சத்தம் வந்து என் தாடையில் இறங்கும். எனக்கு அவர்மீது வந்தது பொறாமை என்றுகூடச் சொல்ல முடியாது. இயற்கை ஒரு மனிதனுக்கு இவ்வளவு உறுதியான பற்களை எதற்காகக் கொடுத்தது என்ற திகைப்புதான்.

சனிக்கிழமை கிரிஸ்பின் ஏதோ சீட்டை நகலெடுக்க வந்தான். நகலெடுத்த பிறகும் போகவில்லை.

"தெல்மிரா உங்களைக் கேக்குறாங்க" என்றான்.

பார்த்தேன்.

"கேக்கலை. வாயத் திறந்து கேக்கலை. ஆனா கேக்குறாங்க. உரல்ல இடிக்கிற இடியிலயே தெரியுது. நேத்து ஒரு புதினாக் கட்டை இடிச்சு மாவாக்கிட்டாங்க, சாறே இல்லை. அப்புறம் உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு நெனச்சேன்... வில்ஃப்ரிதோ இப்பல்லாம் இஸ்திரி போட்ட சட்டையில ஐஸ் விக்கிறாரு. கிறிஸ்துமஸுக்குத் தன் வீட்டு விருந்துக்கு வாங்கன்னு அவங்களைக் கூப்பிட்டிருக்காரு. யோசிச்சுச் சொல்றேன்னாங்களாம்." சிறிது நேரம் என் முகத்தைப் பார்த்தான். "இதுக்கும் ஒண்ணும் சொல்ல மாட்டீங்களா? உங்க ஜெராக்ஸ் மெஷின்கூட ரெண்டு வார்த்தை சத்தம் போடுதே!"

திங்கட்கிழமை பல் மருத்துவரிடம் போனேன். நோயெலியா இந்த ஊர்ப் பெண்தான். படிக்கிற காலத்தில் தன் பாடப்புத்தகங்களை என் கடையில்தான் நகலெடுத்தாள். என் வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்து, காற்றை மெல்லப் பீய்ச்சினாள். நான் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்த பிடியைப் பார்த்து உடனே நிறுத்திவிட்டாள்.

"சொத்தை இல்லை. ஈறு ஏறிப்போயிருக்கு, பல்லு கழுத்துல தேஞ்சிருக்கு. எதால தேய்ச்சீங்க?"

சொன்னேன். மருத்துவரிடம் சொல்வது அவ்வளவு கடினமாக இல்லை. எதற்காக என்று அவள் கேட்கவில்லை.

"சோடாவும் எலுமிச்சையுமா? கடவுளே. டோன் எவாரிஸ்தோ, பல்லு மேல இருக்கிறது ஓடு மாதிரி. புளிப்பு அதை இளக்கிடும். இளகினப்ப நீங்க முள்ளு மாதிரி பிரஷ்ஷால சுரண்டியிருக்கீங்க. அதுக்குக் கீழ இருக்கிற பாகத்துல கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னக் குழாய் நெறைய இருக்கு. எல்லாம் நேரா நரம்புகிட்ட போகுது. ஓடு போச்சுன்னா குளிர்ச்சி குழாய் வழியா விறுவிறுன்னு உள்ள போய் மணியடிக்கும். படம் போட்ட பக்கத்தை நீங்கதானே எனக்கு நகலெடுத்துக் குடுத்தீங்க? ஒரு தடவைகூடப் படிக்கலையா?"

"மை அதிகமாப் பிடிச்ச பக்கம்" என்றேன். அது ஒன்றுதான் நினைவிருந்தது. கையில் கிடைத்ததையெல்லாம் படிக்கிறவன் என்று என்னைப் பற்றி எனக்கு ஒரு பெருமை உண்டு.

சோடாவைத் தூக்கிப் போடச் சொன்னாள். மிருதுவான பிரஷ், கூச்சத்துக்கென்று விற்கிற பற்பசை, அழுத்தாமல் தேய்ப்பது. தேய்த்துத் துப்பிவிட்டு உடனே தண்ணீர் விட்டுக் கொப்பளிக்காமல் பசையைக் கொஞ்சம் பல்லிலேயே தங்கவிடுவது. புளிப்பாக எதையாவது சாப்பிட்டால் உடனே பல் தேய்க்காமல் பொறுப்பது. சில வாரங்களில் குழாய்களின் வாய் அடைபட்டு வலி குறையும், குறையாவிட்டால் பூச்சு ஒன்று வைக்கலாம் என்றாள்.

"அதுவரைக்கும் ஐஸ் கூடாது."

"டிசம்பர்லயா?" என்றேன்.

நோயெலியா கையுறையைக் கழற்றிக்கொண்டே பெருமூச்சு விட்டாள். "டாக்டரா சொல்றேன், ஐஸ் கூடாது. பராகுவேக்காரியா சொல்றேன், என்னை மன்னிச்சிருங்க."

மருத்துவமனையிலிருந்து நிலையம்வரை நடந்து வரும்போது ஒரு வாக்கியத்தைத் தயார் செய்தேன். சதுக்கத்தைத் தாண்டும்போது அது நீளமாக இருந்தது. தேவாலயத்தைத் தாண்டும்போது பாதியாக்கினேன். மாமரம் கண்ணில் பட்டபோது வழக்கம்போல எல்லாச் சொல்லும் தேவையில்லாததாகத் தெரிந்தது. கடைப்பக்கம் திரும்பியிருப்பேன். அப்போது வில்ஃப்ரிதோ வாளியில் கையை விட்டு ஒரு துண்டை எடுத்தார். நொறுக்.

நேராகப் போய் வட்டத்தின் நடுவில் நின்றேன். தெல்மிரா நிமிரவில்லை. கிரிஸ்பின் குவளையோடு உறைந்துபோனான்.

"எனக்குப் பல் கூசுது" என்றேன். நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. "தெரெரே பிடிக்காமப் போகலை. ஐஸ் பட்டா உயிர் போகுது. அதான் நன்றின்னு சொன்னேன். போகணும்னு சொல்லலை."

"பல்லா?" என்றான் கிரிஸ்பின். "இத்தனை நாளா பல்லா? நான் உங்க சம்சாரத்தை நெனச்சு அழறீங்கன்னு நெனச்சு, பாவம்னு ரெண்டு நாள் உங்களைக் கிண்டலே பண்ணலையே!"

"எப்படி வந்துச்சு?" தெல்மிரா கேட்டாள். இன்னும் உரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தேய்ச்சேன். சோடா மாவும் எலுமிச்சையும் போட்டு."

"பாத்திரம் விளக்குறதையா வாயில போட்டீங்க?"

"வெளுக்கணும்னு."

"யாரு கேட்டா வெளுக்கச் சொல்லி?"

அசுன்சியோன் பேருந்து கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. ஜன்னல்கள் திறந்திருந்தன. நான் வில்ஃப்ரிதோவின் வாயைக் காட்டினேன். "இவரைப் பாத்து நீங்க சொன்னீங்க. பல்லுன்னா இப்படி இருக்கணும்னு."

பிறகு வில்ஃப்ரிதோ மெதுவாக எழுந்தார். மெல்லுவதை நிறுத்தினார். இரண்டு விரலை வாய்க்குள் விட்டு, ஒரு சிறு இழுப்பில் மேல்வரிசை முழுவதையும் கழற்றி உள்ளங்கையில் வைத்து என்னிடம் நீட்டினார். வெயிலில் அது பளபளத்தது. ஓரத்தில் ஐஸ் துகள் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இழுவா?" என்றார், குழிந்துபோன வாயால். "இழைப் பாழ்த்தா ழேய்ச்சீங்ழ?"

கிரிஸ்பின் நாற்காலியோடு பின்னால் சாய்ந்தவன் சாய்ந்தபடியே மாமரத்து வேரில் விழுந்தான். விழுந்த இடத்திலிருந்தும் சிரிப்பு வந்துகொண்டிருந்தது. "அது கொரோனெல் ஒவியேதோ ஊருக்குப் போய் செஞ்சுக்கிட்டு வந்ததுய்யா! அன்னைக்குத்தான் புதுசா போட்டுக்கிட்டு வந்தாரு! ஊருக்கே காட்டினாரே! நிலையத்து நாய்க்குக்கூடத் தெரியுமே!"

ஊருக்கே தெரிந்தது எனக்கு மட்டும் தெரிந்திருக்கவில்லை. தெரிந்துகொள்ள வேண்டுமானால் யாரிடமாவது கேட்டிருக்க வேண்டும், அல்லது யாராவது சொல்லும்போது மனதுக்குள் வேறு வாக்கியத்தைத் திருத்திக்கொண்டிருக்காமல் இருந்திருக்க வேண்டும். மௌனம் ஆழமானது என்று நான் நம்பிவந்திருக்கிறேன். அது சில சமயம் வெறும் கவனக்குறைவுதான் போலிருக்கிறது. ஒரு பிளாஸ்டிக் பல்வரிசையோடு போட்டி போட்டு என் சொந்தப் பற்களின் தோலை உரித்திருக்கிறேன்.

வில்ஃப்ரிதோ வாளித் தண்ணீரில் பல்லை அலசப் போனார். தெல்மிரா வாளியைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள். அவர் சட்டையில் துடைத்து மாட்டிக்கொண்டார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தெல்மிராவைப் பார்த்தார். அவர் முட்டாள் இல்லை.

"நாற்காலி உங்களுதுதான், டோன் எவாரிஸ்தோ" என்றார். "ஆனா கிறிஸ்துமஸ் விருந்துக்கு நான் கூப்பிட்டது கூப்பிட்டதுதான். கேட்டுட்டேன்ல." வண்டிக்குப் போய் ஒரு முழுப் பாளத்தைத் தூக்கிவந்து, சாக்கோடு உரலுக்குப் பக்கத்தில் இறக்கினார்.

"இன்னைக்கு ஐஸ் வேண்டாம்" என்றாள் தெல்மிரா.

"என்னது?" இதைக் கேட்டது கிரிஸ்பின். எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டிருந்தவன் அப்படியே நின்றுவிட்டான். "ஐஸ் இல்லாம தெரெரேயா? இந்த வெயில்லயா? ஏற்கெனவே வில்லாரிக்காக்காரன் எல்லாத்தையும் தலைகீழாப் பண்ணுவான்னு தலைநகர்ல சிரிக்கிறாங்க. அந்த பஸ்ஸுல இருக்கிறவன் பாத்தான்னா போய்ச் சொல்லிடுவான்!"

"சொல்லட்டும். உனக்கு வேணும்னா அவரு வண்டியில போய் உக்காந்து குடி."

கிரிஸ்பின் நிஜமாகவே போனான். வில்ஃப்ரிதோவும் போனார், பாளத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போகவில்லை. இறக்கியதைத் திருப்பி ஏற்றுவதை அவர் கௌரவக் குறைச்சலாக நினைத்திருக்க வேண்டும். நான் உட்கார்ந்தேன். தெல்மிரா ஐஸ் தண்ணீரைக் கீழே கொட்டிவிட்டு, குழாயடியில் போய்ப் புதுத் தண்ணீர் பிடித்துவந்தாள். வெயிலில் காய்ந்த குழாய். தண்ணீர் வெதுவெதுவென்று இருந்திருக்கும். இலைத்தூளை மாற்றினாள். ஊற்றினாள். ஊற்றுகிறவர் முதலில் குடித்துப் பார்க்க வேண்டும். அவள் ஓர் இழுப்பு இழுத்தாள். அவள் முகம் போன போக்கை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. ஆனாலும் 'கர்ர்' என்று சத்தம் வரும்வரை விடவில்லை.

மறுபடி நிரப்பினாள். நீட்டவில்லை. குவளையைக் கையில் வைத்துக்கொண்டு என் பக்கமாகக் குனிந்தாள். நிலையத்தில் எந்த நோயையும் மெதுவாகச் சொல்லி அறியாதவள், எனக்கு மட்டும் கேட்கிற குரலில் கேட்டாள்:

"ரொம்ப வலிச்சுதா?"

"ம்."

"அந்த விருந்துக்கு என்ன பதில் சொல்றதுன்னு தெரியலை" என்றாள், அதே குரலில். "நீங்க என்ன நெனைக்கிறீங்க?"

குவளையை நீட்டினாள். வாங்கி உறிஞ்சினேன். சூடான புல்லின் ருசி. பல் லேசாக முனகியது, அவ்வளவுதான். குடிக்கிறவரை யாரும் பதில் சொல்லச் சொல்வதில்லை. அது இந்தக் குவளையின் பெரிய வசதி. முடிந்தவரை மெதுவாகக் குடித்தேன். அவள் அவசரப்படுத்தவில்லை. மைக்கா என்றும் கேட்கவில்லை. காத்திருந்தாள்.

சாக்கின்மேல் ஐஸ் பாளம் யாரும் உடைக்காமல் உருகிக்கொண்டிருந்தது. தண்ணீர் எங்கள் நாற்காலிக் கால்களைச் சுற்றிக்கொண்டு பேருந்துகள் நிற்கிற பக்கமாக ஓடியது. எங்கிருந்தோ ஒரு செம்பட்டை நாய் வந்தது. பாளத்தை ஒருமுறை முகர்ந்தது, ஒருமுறை நக்கியது. பிறகு சுற்றி வந்து, வயிறு முழுவதும் அதன்மேல் படும்படி மெதுவாகப் படுத்து, நான்கு கால்களையும் நான்கு பக்கமும் விரித்துக் கண்ணை மூடிக்கொண்டது.